ரெண்டுக்குக் கொறையாம, நாலுக்கு மேல போகாம

அண்ணே, அந்தப் பக்கத்த மூடாதீங்க, ஒரு நிமிஷம். பயப்படாதீங்க, கணக்கு கைடப் பிடுங்கிட்டு ஓடுற ஆளு இல்ல நான். மாட்டுத்தாவணில பஸ் ஏறுனதுலருந்து பாக்குறேன், அந்த ஒரே பக்கத்தத்தான் முறைச்சுக்கிட்டு வர்றீங்க. திருமங்கலமே தாண்டியாச்சு. நீங்க பாக்குற பார்வைக்கு அது பயந்துபோய் தானா விடையச் சொல்லிரும்னு நெனச்சேன்.

யாருக்கு, பொண்ணுக்கா? ப்ளஸ் ஒன்னு. சரி. மொதல்ல நாம படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் அதுக்குச் சொல்லிக் குடுப்போம்னு. நல்ல அப்பாண்ணே நீங்க. எங்கப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போறப்ப சட்ட மடிப்பு கலையக் கூடாதுன்னு என் கணக்கு புக்க அடில வச்சுக் கட்டிக்கிட்டுப் போனாரு. புக்கும் வரல, அவரும் வரல. அத விடுங்க.

இங்க குடுங்க. இது கூட்டு அசமன்பாடு. பேருதான் பெரிசு. மூணு பேரு சீட்டுல நடுவுல உக்காந்தவன் மாதிரி, எக்ஸு நடுவுல, ரெண்டு பக்கமும் ரெண்டு நம்பரு நெருக்கும். இந்தா, நீங்க மாட்டிக்கிட்டது இதானே. இந்தப் பக்கம் மூணு. நடுவுல ரெண்டு எக்ஸ் கூட்டல் ஒண்ணு. அது மூணவிடப் பெரிசா இருக்கணும். அந்தப் பக்கம் ஒம்பது, அதுக்கு மேல போகக் கூடாது. நடுவுல இருக்குற ஒண்ண எறக்கி விடுங்க. ஒரு எடத்துல எறக்குனா மூணு எடத்துலயும் எறக்கணும், அது சட்டம். இப்ப ரெண்டு, ரெண்டு எக்ஸ், எட்டு. எல்லாத்தையும் பாதியாக்குங்க. ஒண்ணு, எக்ஸ், நாலு. முடிஞ்சு போச்சு. ஒண்ணுக்கு மேல, நாலு வரைக்கும். எக்ஸுங்கிறது ஆளுன்னு வைங்க. அரை ஆளு கெடையாதுல்ல, அப்ப ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேரு.

இதுதாண்ணே எங்க ராட்டினம்.

அப்படிப் பாக்காதீங்க. நான் வாத்தியார் இல்ல. காலேஜும் இல்ல. பள்ளிக்கூடமே பாதில விட்டவன். எம் பேரு காளிராஜ். திருவிழா, பொருட்காட்சின்னு ஊர் ஊராப் போகுற ராட்டினம் இருக்குல்ல, பெரிய ராட்டினம், அதுல வேல. இன்னைக்குச் சாயங்காலம் கோவில்பட்டில ஆரம்பிக்கிறோம். அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

எங்க ராட்டினத்துல ஒரு பொட்டிக்கு ரெண்டு பேருக்குக் கொறையக் கூடாது, நாலு பேருக்கு மேல போகக் கூடாது. நாலுக்கு மேல ஏன் வேணாம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ரெண்டுக்குக் கொறஞ்சா என்னன்னுதான் சண்டைக்கு வருவாங்க. ஒத்த ஆளு மேல போனா என்ன பண்ணுவான்னு சொல்ல முடியாதுண்ணே. எந்திரிச்சு நிப்பான். ஒரு ஓரமாப் போய் எட்டிப் பாப்பான். அதனால தனியா வந்தவங்கள ஏத்துறதில்ல. ஆனா திருவிழாக்குத் தனியா வர்றவங்க எத்தன பேருன்னு நெனைக்கிறீங்க? கூட்டத்துக்குள்ள தெரியாது. ராட்டினத்துக்கிட்ட வந்து நின்னு அண்ணாந்து பாக்குறப்பத்தான் தெரியும். அங்கதான் நம்ம வேல. நான்தான் ரெண்டாவது ஆளு.

ஆமா, சம்பளம் குடுத்து ராட்டினத்துல உக்கார வைக்கிறாங்க. சொன்னா எவனும் நம்ப மாட்டான். அப்ப எங்க ஓனரு ஞானசுந்தரி அக்கா. வேலைக்குச் சேக்குறப்ப ஒரே கேள்விதான் கேட்டாங்க, ஒனக்குத் தல சுத்துமான்னு. பள்ளிக்கூடத்துல சுத்துச்சு, அதான் இங்க வந்தேன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, ஏறி உக்காருன்னுட்டாங்க.

எல்லாரு கூடயும் போயிருக்கேண்ணே. கல்யாணமாகி புதுச் சேல கலையாத ஒரு பொண்ணு, கம்பியப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. ரிட்டயர் ஆன தாசில்தார் ஒருத்தரு, மேல போனதும் எனக்கு உத்தரவு போட ஆரம்பிச்சிட்டாரு. மீசக்காரரு ஒருத்தரு, பாக்கவே பயமா இருப்பாரு, மேல போனதும் அழுகுறாரு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வருவேன். பேசலன்னா அவங்க பேசிருவாங்க, அத யாரு கேக்குறது. ஆனா ஒண்ணுண்ணே, உச்சிக்குப் போனதும் எல்லாரும் ஒரே வேலதான் பண்ணுவாங்க. அவங்க வீடு எங்க தெரியுதுன்னு தேடுவாங்க. தேடிட்டு என்னயக் கேப்பாங்க, தம்பி ஒன் வீடு எந்தப் பக்கம்னு. நான் செல்போன் டவர் பக்கமாக் கையக் காட்டிருவேன். டவரு எல்லா ஊர்லயும் இருக்குல்ல.

கணக்கு எப்படித் தெரியும்னுதான கேக்குறீங்க. அதுக்குத்தான் வர்றேன். நான் எங்க சுத்துனாலும் கீழ வந்துருவேன்.

அந்த ஓனரு அக்காவுக்கு ஒரு மக. எப்சிபா. எப்சின்னுதான் கூப்பிடுவோம். அப்பா இல்லாத புள்ள, ஹாஸ்டல்ல சேத்துப் படிக்க வச்சாங்க. போன கோடைக்கு முந்தின கோட, லீவுல எங்ககூட வந்து டிக்கெட் குடுத்துச்சு. ப்ளஸ் டூ வரைக்கும் எல்லாத்துலயும் பாஸு. ப்ளஸ் ஒன் கணக்கு மட்டும் மிச்சம். எனக்கும் அதே ப்ளஸ் ஒன் கணக்குதான் மிச்சம், அதுலதான் படிப்பையே விட்டேன். எப்படி ஃபெயிலானன்னு கேட்டேன். பரீட்ச அன்னைக்கு அம்மாவுக்குக் காச்சல், பாக்க ஆளில்ல, எழுதவே போகலன்னு சொன்னா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஃபெயிலான எல்லாரும் சொல்றதுதான இது. நானே மூணு மாதிரி சொல்லியிருக்கேன்.

மத்தியானம் ராட்டினம் ஓடாது. வெயிலு மண்டையப் பொளக்கும். அடிப்பொட்டில மட்டும் கொஞ்சம் நெழலு விழும். அதுல உக்காந்து படிப்பா. நான் எதுத்த சீட்டுல படுத்துக் கெடப்பேன். ஒரு நா புக்க நீட்டி, காளி இது புரியல, சொல்லிக் குடுன்னா. எனக்கே தெரியாதேன்னேன். ஒனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லு, மிச்சத்தச் சேந்து பாப்போம்னா. அப்படி ஆரம்பிச்சதுதான்.

மந்தமான புள்ளண்ணே. நல்ல புள்ள, ஆனா மந்தம். ஒரே மாதிரிக் கணக்கத் திரும்பத் திரும்பக் கேப்பா. நான் எங்க தப்புப் போடுறேனோ கரெக்டா அந்த எடத்துலதான் அவளுக்கும் சந்தேகம் வரும். இது எப்படிக் காளி வந்துச்சு, இன்னொரு தடவ சொல்லுன்னுவா. நான் இன்னொரு தடவ போடுவேன், சரியா வந்துரும். அப்பத்தான் அவளுக்குப் புரியும். அவளால நானும் கத்துக்கிட்டேன்னு வைங்க.

மைனஸ் விசயம் இருக்குல்ல? எல்லாரும் விழுகுற குழி. மைனஸ் நம்பரால வகுத்தா குறி திரும்பிரும், சின்னது பெரிசாயிரும், பெரிசு சின்னதாயிரும். ஏன் திரும்புதுன்னு கேட்டா. எனக்கும் அது தெரியாது, பரீட்சைல அதுலயும் மார்க்கு போச்சு. அன்னைக்கு அவ பொட்டியோட தரையில சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு, நடுவுல குறுக்க ஒரு கோடு இழுத்து வச்சிருந்தா. சும்மா கிறுக்கியிருப்பா. அதப் பாத்துக்கிட்டே இருந்தேன், பொறி தட்டுச்சு. எப்சி, இது ராட்டினம். நடுவுல அச்சு, அது சைபரு. வலது பக்கம் ரெண்டுல ஒருத்தன், அஞ்சுல ஒருத்தன். அஞ்சுல இருக்குறவன்தான் வலது கடைசி. இப்ப அரைச் சுத்து சுத்து. ரெண்டு பேரும் இடது பக்கம் போயிட்டாங்க, மைனஸ் ரெண்டு, மைனஸ் அஞ்சு. வலது கடைசில இருந்தவன் இப்ப இடது கடைசி. மைனஸுன்னா அரைச் சுத்து, அவ்வளவுதான். வரிச அப்படியே தலகீழாயிரும், குறியும் திரும்பிரும்.

அவ கை தட்டுனா பாருங்க. இத எந்த வாத்தியாரும் சொல்லல காளின்னா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

அப்புறம் இந்த 'மற்றும்', 'அல்லது'. உங்க பொண்ணும் இதுலதான் முழிக்கும். 'மற்றும்'னா ரெண்டுக்கும் பொதுவான எடம் மட்டும். எங்க பொட்டி மாதிரி, ரெண்டும் இருக்கணும், நாலும் தாண்டக் கூடாது. 'அல்லது'ன்னா ஏதாவது ஒண்ணு போதும். எங்க ராட்டினத்துல மூணு வயசுக்குக் கீழ, இல்லாட்டி எழுபதுக்கு மேல, ரெண்டு கூட்டத்துக்கும் டிக்கெட் வேணாம். கோட்டுல போட்டா இந்தக் கடைசில ஒரு துண்டு, அந்தக் கடைசில ஒரு துண்டு. நடுவுல நீங்களும் நானும். நமக்கு எதுவும் சும்மா கெடைக்காது.

ஒரு நா வில்லங்கமா ஒண்ணு கேட்டா. எக்ஸு ரெண்டவிடச் சின்னது, மற்றும் அஞ்சவிடப் பெரிசு. நான் கோடு போட்டுப் பாத்தேன். ஒரு துண்டு அங்க போகுது, ஒரு துண்டு இங்க போகுது, சேரவே மாட்டேங்குது. இதே கணக்குதான் எனக்குப் பரீட்சைல வந்துச்சுண்ணே. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சு, அடிச்சு அடிச்சு எழுதி, கடைசில பேப்பர அப்படியே குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் போகல. அவகிட்ட, அப்படி ஒரு ஆளே கெடையாது எப்சின்னேன்.

"அப்ப என்ன எழுதுவ?"

"ஒண்ணும் எழுத மாட்டேன். எந்திரிச்சு வந்துருவேன். வந்துட்டேன்ல."

"ஆளே இல்லன்னாலும் இல்லன்னு எழுதணும் காளி. எழுதுனாத்தான் அது விடை. நீ சரியாத்தான் போட்டிருக்க, எழுதாம வந்துட்ட."

பாத்தீங்களா, எனக்கே பாடம் எடுக்குறா.

விட்டுப்போன கணக்க மறுபடி எழுதத் துணைத் தேர்வுக்குப் பேரு குடுக்கப் போனப்ப என்னயும் கூப்பிட்டா. ஒரே பேப்பருதான காளி, சேந்து எழுதுவோம்னா. ரெண்டு பேரும் போயிட்டா தனியா வர்றவங்களுக்கு யாரு, ஒங்கம்மாவையா மேல அனுப்புறதுன்னேன். சிரிக்கல. சில நேரம் அவளுக்கு ஜோக்கு புரியாது.

எண்பத்தொண்ணு மார்க்கு வாங்கினா. நான் சொல்லிக் குடுத்து எண்பத்தொண்ணு, நெனச்சுப் பாருங்க. திருச்சில காலேஜுல எடம் கெடச்சுச்சு. மக கூடவே இருக்கணும்னு அக்கா ராட்டினத்த வித்துட்டு அங்கயே வீடு பாத்துப் போயிட்டாங்க. பொட்டி, மோட்டாரு, கம்பி, லைட்டு, நானு, எல்லாம் புது ஓனருக்கு. பஸ் ஏத்திவிடப் போனேன். ஜன்னல் வழியா என்னயவே பாத்தா. ஏதாவது சொல்லு காளின்னா. டிரைவருக்குப் பின்னாடி சீட்டு வேணாம், சூடு வரும்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் ராட்டினம் ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே. புது ஓனரு மோசமில்ல, ஆனா பேச மாட்டாரு. மத்தியானம் அந்த அடிப்பொட்டில படுத்தா தூக்கம் வரல. எதுத்த சீட்டப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். ஒரு நா எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன், சத்தமா. லைட்டு மாட்டுற பய பாத்துட்டு மந்திரிச்சு விடணும்னான். நீ மந்திரிக்கிறதுக்கு முன்னாடி குளின்னேன்.

ஆனா அவ மறக்கல, அதச் சொல்லணும். அடிக்கடி போன் பண்ணுவா. எதுக்கு? கணக்கு கேக்க. அங்க பி.எஸ்ஸி கணக்கு படிக்கிறாண்ணே. ஆமா, கணக்குதான் எடுத்திருக்கா. அப்படியும் இந்த ப்ளஸ் ஒன் பாடத்துலயே இன்னும் சந்தேகம். அசமன்பாடு முடிஞ்சு, அடுத்த பாடம், அதுக்கு அடுத்த பாடம்னு வரிசையாக் கேப்பா. நான் பழைய புக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு, முந்தின நாளே பாத்து வச்சுட்டுச் சொல்லுவேன். பாவம், அங்க யாருகிட்ட கேப்பா. இப்படியே மொத்த புக்கும் முடிஞ்சு போச்சு. அவளுக்கு எப்படித்தான் எடம் குடுத்தாங்களோ.

ஏண்ணே சிரிக்கிறீங்க?

சிரிங்க சிரிங்க. போன வாரம் கூப்பிட்டா. நான், எந்தக் கணக்கு எப்சின்னேன். கணக்கு இல்ல காளின்னா. அப்புறம் சொன்னா.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும்தான் துணைத் தேர்வுக்குப் பேரு குடுக்கலாம். விருதுநகர்ல. நீ படிச்ச ஊரு, அங்கதான குடுக்கணும். நான் காலைலயே வந்து நிப்பேன். நீ வந்தா மட்டும் போதும்."

அங்கயும் ஒத்த ஆளு நிக்கக் கூடாதா, ரெண்டாவது ஆளு வேணுமான்னேன். சிரிப்பான்னு நெனச்சேன். வச்சுட்டா. திருச்சி போனதுலருந்து அவளுக்குச் சிரிப்பே கொறஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் கூப்பிடல. கூப்பிட்டாளோ என்னமோ. போனு செத்துப் போச்சுண்ணே. உச்சில ஒரு ஆளுக்கு டவரக் கை காட்டுனேன், கையிலருந்து நழுவி நேரா கீழ. நல்ல வேள, எவன் மண்டையிலயும் விழல.

என்ன, வருவாளாவா? எங்கண்ணே வரப்போறா. சும்மா சொல்லுறது. அவ காலேஜு, நான் ராட்டினம். காலங்காத்தால கெளம்பி, பஸ் மாறி, எனக்காக ஒரு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா. எனக்கு அதுல என்ன வரப்போகுது, அவளுக்குத்தான் என்ன வரப்போகுது. மொத்த புக்கையும் நான் சொல்லிக் குடுத்தேன், அதுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சிருப்பா.

என்னண்ணே. சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, இப்படிப் பாக்குறீங்க.

இன்னைக்கா? இன்னைக்கு வெள்ளிதான்.

ஆமா, இந்த பஸ்ஸு விருதுநகர் வழியாத்தான் போகும். ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல நிறுத்துவான். தெரியும்ணே. டிக்கெட் எடுக்குறப்பவே தெரியும். கோவில்பட்டின்னுதான் கேட்டேன். நாலு மணிக்கு அங்க நிக்கலன்னா வேற ஆள ஏத்திருவேன்னு ஓனரு சொல்லியிருக்காரு. பேசாத மனுசன் வாயத் தொறந்து சொன்னது அது ஒண்ணுதான்.

அவளுக்கு மந்தம் இல்லங்கிறீங்களா?

இல்ல, நீங்க சொல்லல. பாத்தீங்க.

அந்தச் சாக்பீஸ் வட்டம்... அவளே சொல்லியிருக்கலாம்ல. கோடெல்லாம் போட்டு வச்சுட்டு எதுக்கு என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாண்ணே. வெயிலு சாஞ்சு, நெழலு போயி, மூஞ்சில வெயில் அடிச்சுது. நகரல. நான் சொல்லுறதுக்காக உக்காந்திருந்தா.

உங்க போனக் கொஞ்சம் குடுக்குறீங்களா. நம்பரு மனசுல இருக்கு. அவ நம்பரு ஒண்ணுதான் மனசுல இருக்கு.

ரிங் போகுது.

போகுதுண்ணே.

எடுக்கல. தெரியாத நம்பருன்னா எடுக்க மாட்டா. இல்ல, அங்க கூட்டமா இருக்கும், கேட்டிருக்காது. இல்ல, வந்து நின்னு பாத்துட்டுப் போயிருப்பா. இல்ல, வரவே இல்லயோ. எனக்குத் தெரியலண்ணே. எதுத்தாப்புல ஆளு இருந்தா வாய் தானாப் பேசும். இதுக்கு என்ன பேசுறதுன்னு தெரியல.

எங்க வந்திருக்கோம்? விருதுநகர் பாலம் தெரியுது. மணி ஒண்ணா. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு.

அண்ணே, கொஞ்சம் கால மடக்குங்க. அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க, நீலப் பை. உள்ள வேற ஒண்ணுமில்ல, துணியும் அந்தப் பழைய புக்கும்தான். இல்ல கண்டக்டரே, கோவில்பட்டிக்குத்தான் எடுத்தேன். இருக்கட்டும். இங்கயே நிறுத்துங்க.

அண்ணே, உங்க போனுக்கு அவ திருப்பிக் கூப்பிட்டாலும் கூப்பிடுவா. யாரு நீங்கன்னு கேப்பா. ஜோக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம். காளி எறங்கிட்டான்னு சொல்லுங்க. அது போதும்.